கண்ணாடிப் பேழைக் குதிரை
1973இல் பெல்மொன்ற் பந்தயத்தில் 31 குதிரை நீள இடைவெளியில் வென்ற 'செக்ரட்டேரியற்' என்னும் அமெரிக்கக் குதிரையைப் பிரேயர் கம்பனி சிற்றுருவமாக வார்த்து விற்கிறது. சேகரிப்போர் அதனைக் கண்ணாடிப் பேழையில் வைத்துப் போற்றுகின்றனர். அழகை நேசிப்பது குற்றமன்று. ஆயின், அக்குதிரை தனித்தா வென்றது? பேழையிற் பெரும்பாலும் தனிக் குதிரையே நிற்கிறது. அதனைப் பேணி வளர்த்த எடி சுவெற் என்னும் கறுப்பினக் குதிரைக்காரர் அங்கில்லை. அதன்மீது சவாரி செய்து வென்று, 1978இல் வேறொரு பந்தயத்தில் வீழ்ந்து நடக்கும் ஆற்றலையே இழந்த றொன் ரேர்கொற்றும் இல்லை. உருவத்துக்கு வண்ணந் தீட்டும் கைகளும் மறைந்தே நிற்கின்றன. உழைப்பை நீக்கிய புகழ் பாதி உண்மையே. 2004இல் கென்ரக்கிக் குதிரைப் பூங்காவில் நிறுவப்பட்ட வெண்கலச் சிலையிலோ, ரேர்கொற் மேலே அமர்ந்திருக்க, சுவெற் குதிரையை நடத்திச் செல்கிறார். அதனால் அழகு குறைந்துவிடவில்லை, முழுமை பெற்றது.