கையிருப்பில் ஒரு மூச்சு

உறக்கத்தில் மூச்சு தடைபடும் நோய்க்காகச் ‘சிபேப்’ எனப்படும் காற்றழுத்தக் கருவியை இரவுதோறும் பொருத்திக்கொண்டு உறங்குபவர், அக்கருவிக்கும் அதன் உறுப்புகளுக்கும் மாற்று ஒன்றை வீட்டில் வைத்திருக்க வேண்டுமா என்ற கேள்வி, முதல் பார்வைக்கு விற்பனையாளரிடம் கேட்டு முடித்துக்கொள்ளும் சில்லறைச் சந்தேகமாகவே தோன்றும். கையில் பணம் இருந்தால் வாங்கி வைக்கலாம், இல்லாவிட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கு மேல் அதில் சிந்திக்க ஏதும் இருப்பதாகப் பலரும் கருதியதில்லை. 2021 ஜூன் 14 அன்று பிலிப்ஸ் நிறுவனம், உலகெங்கும் படுக்கைகளுக்கு அருகே இயங்கிக்கொண்டிருந்த தன் சுவாசக் கருவிகளில் பல லட்சத்தைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அந்த எண்ணிக்கை பின்னர் 50 லட்சத்தைத் தாண்டியது. அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது கருவிக்குள் ஒட்டப்பட்டிருந்த ஒரு துண்டு நுரைப்பஞ்சு. மாற்றுக் கருவி பற்றிய யோசனை எங்கிருந்து தொடங்கினாலும் இந்தப் பஞ்சில் வந்து முட்டி நிற்கிறது.

நோயின் இயல்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளரும்போது சிலருக்குக் காற்றுப் பாதை முழுதாகவோ பாதியாகவோ அடைபடுகிறது. 10 விநாடிக்குக் குறையாமல் நீடிக்கும் இத்தகைய தடைகளை எண்ணி, மணிக்கு 5க்குக் கீழ் இருந்தால் இயல்பு என்றும் 30ஐத் தொட்டுவிட்டால் கடுமை என்றும் மருத்துவர்கள் வகுக்கின்றனர். குருதியில் ஆக்சிஜன் குறைய, மூளை திடுக்கிட்டு உடலை எழுப்ப, எழுந்ததே தெரியாமல் உறங்குபவர் மீண்டும் உறங்கிப்போகிறார். மறுநாள் பேருந்திலும் அலுவலக நாற்காலியிலும் கண் செருகுவதும், நாளடைவில் இரத்த அழுத்தம் ஏறுவதும் இதன் விளைவுகள். சிபேப் கருவி அறைக் காற்றை உள்ளிழுத்து, 4 முதல் 20 செ.மீ. நீர் அழுத்தத்துக்குள் மருத்துவர் குறித்துக்கொடுத்த அளவில், குழாய் வழியாக மூக்கின் மேல் பொருத்திய மாஸ்க்குக்குள் செலுத்திக்கொண்டே இருக்கிறது. தொண்டை மூடிக்கொள்ளாமல் தாங்குவது அந்த அழுத்தம்தான். இது நோயைத் தீர்ப்பதில்லை. கழற்றி வைத்தால் சில இரவுகளுக்குள் தடைகள் திரும்பிவிடுகின்றன, இரு வாரத்தில் காலை இரத்த அழுத்தமும் ஏறிவிடுகிறது என்பதை 2011இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இசையமைப்பாளர் பாப்பி லஹரி 2022 பிப்ரவரியில் மறைந்தபோது இந்நோயின் பெயர் செய்திகளில் அடிபட்டது. அதற்கு மறு ஆண்டு, தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்து, உழைக்கும் வயதினரில் ஏறத்தாழ 10.4 கோடி இந்தியருக்கு இது இருக்கலாம் என்று கணித்தனர். குறட்டையை ஆழ்ந்த உறக்கத்தின் அடையாளம் என்று மெச்சும் வழக்கம் மட்டும் வீடுகளில் இன்னும் போகவில்லை.

பஞ்சுக்கு வரலாம். காற்றை உந்தும் விசிறியின் இரைச்சலை அடக்குவதற்காக, பாலியெஸ்டர் வகைப் பாலியூரித்தேன் என்னும் செயற்கைப் பொருளால் ஆன நுரைப்பஞ்சு கருவியின் காற்றுப் பாதையிலேயே பொருத்தப்பட்டிருந்தது. இப்பொருளின் வேதிப் பிணைப்புகளை நீராவி மெல்ல அறுத்துவிடும். வெப்பமும் ஈரமும் கூடினால் வேகமும் கூடும். நாளாக ஆகப் பஞ்சு உதிர்ந்து, கரும்பொடியாகக் குழாயில் இறங்கி, உறங்குபவரின் மூச்சோடு போக வாய்ப்புண்டு என்பதே அறிவிப்பின் சாரம். 2020இல் வந்த புகார்கள் 0.03 விழுக்காடு என்று நிறுவனம் கூறியது. பின்னர் தான் நடத்திய சோதனைகளை வைத்துப் பெரும்பாலான கருவிகளால் குறிப்பிடத்தக்க தீங்கு நேர வாய்ப்பில்லை என்றும் அது சொன்னது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அச்சோதனைகள் போதா என்றது. தீங்கின் அளவு பற்றிய வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். நெருடுவது வேறு: மூச்சைக் காப்பதற்கு அந்தப் பஞ்சு தேவையே இல்லை. அது இல்லாமலும் கருவி ஊதும், தொண்டை திறந்திருக்கும், சத்தம் மட்டும் கூடுதலாகக் கேட்கும்.

அந்தச் சத்தம் யாரைத் தொந்தரவு செய்யும் என்று கேட்டால், அருகில் படுத்திருப்பவரையும்தான். நோயைப் பெரும்பாலும் முதலில் கண்டுபிடிப்பவரும் அவரே. கணவரின் குறட்டை திடீரென்று நின்று, மூச்சே இல்லாமல் கழியும் அந்தச் சில விநாடிகளில் பதறி எழுந்து உட்காரும் மனைவியின் வாக்குமூலத்தோடுதான் மருத்துவரின் விசாரணையும் தொடங்குகிறது. ஆந்திர எல்லையில் உள்ள நாகலாபுரத்தை அடுத்த சுருட்டப்பள்ளியில், ஆலகால நஞ்சை உண்ட சிவபெருமான் அம்பிகையின் மடியில் தலைவைத்துப் பள்ளிகொண்ட கோலத்தில் காட்சி தருகிறார். நஞ்சு உள்ளே இறங்காமல் கண்டத்திலேயே நிறுத்தியவள் அம்பிகை என்பது புராணம். அச்சிற்பத்தில் மருத்துவக் குறிப்பு தேடுவது மிகையான வேலை. ஆயினும் ஒருவர் உறங்கும்போது அவருடைய தொண்டைக்கு இன்னொருவர் பொறுப்பேற்கும் நிலை புதிதல்ல என்பதை அங்கு போய் வருபவர் எவரும் ஒத்துக்கொள்வர். அந்த இன்னொருவரும் உறங்க வேண்டும் என்ற நியாயமான அக்கறையில் வைக்கப்பட்டதே பின்னாளில் உதிர்ந்துபோன பஞ்சு.

நாகலாபுரம் 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி மாவட்டம் உருவாகும் வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர். சென்னைக்கும் திருப்பதிக்கும் ஏறக்குறைய நடுவில், தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் பேசப்படும் எல்லைப் பகுதியில் இருக்கிறது. இத்தகைய ஊரில் சிபேப் பயன்படுத்துபவருக்கு மாற்று உறுப்பு என்பது வசதிப் பொருள் அன்று. சிலிக்கோனால் ஆன மாஸ்க் குஷனை எடுத்துக்கொண்டால், மூக்குத்தண்டின் மேல் படியும் அதன் ஓரம் உதடு போல் மெல்லியது. நாள்தோறும் முக எண்ணெய் ஏறி மஞ்சள் படர்ந்து, விரலால் அழுத்தினால் உடனே நிமிராமல் தொய்ந்து நிற்கத் தொடங்கும்போதே அதன் காலம் முடிந்துவிட்டது. அதை உணராமல் மாட்டிப் படுத்தால் பின்னிரவில் கண்ணோரமாகக் காற்று சீறும், கண் எரியும், வாரை இறுக்கினால் கன்னத்தில் தடம் பதியும், இறுதியில் மாஸ்க் கட்டிலுக்கு அடியில் கிடக்கும். அமெரிக்க அரசின் மூத்த குடிமக்கள் காப்பீடு, மூக்கு மாஸ்க்கின் குஷனுக்கு மாதம் இரண்டு, முழு மாஸ்க்குக்கும் குழாய்க்கும் மூன்று மாதத்துக்கு ஒன்று என்ற கணக்கில் மாற்று வழங்குகிறது; இங்கே ஒரே குஷனை ஆண்டுக்கணக்கில் கழுவிக் கழுவிப் பயன்படுத்துவோரே மிகுதி. புதியது வேண்டுமென்றால் சென்னையிலோ திருப்பதியிலோ சொல்லி வரவழைக்க வேண்டும். பிச்சாட்டூர் அணை திறந்து ஆரணியாற்றில் வெள்ளம் வரும் மழைக்காலத்தில் கூரியரும் வராது, சில சமயம் மின்சாரமும் இராது.

இந்தப் பக்கத்துக் கிராமங்களில் மின்விளக்கு அரிதாயிருந்த காலத்தில் வளர்ந்தவர்களுக்கு, அரிக்கேன் விளக்கின் கண்ணாடிச் சிம்னி நினைவிருக்கும். சூடேறிய சிம்னியில் ஒரு துளி நீர் பட்டால் படீரென்று விரிசல் விடும் என்பதால், வைக்கோல் சுற்றிய மாற்றுச் சிம்னி ஒன்று ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று பரணில் கிடக்கும். அது உடைந்த இரவில் இறக்கிப் பார்த்தால் அளவு சேராது. பழைய விளக்குக்கு வாங்கியது அது, விளக்கு மாறியதை யாரும் பரணுக்குச் சொல்லவில்லை. சிபேப் கையிருப்பிலும் இதே கதை நடக்கிறது. சாதாரணக் குழாயின் முனை 22 மி.மீ. என்ற பொது அளவில் இருப்பதால் பெரும்பாலான கருவிகளுக்கும் பொருந்தும். மின் அடாப்டரும் தண்ணீர்த் தொட்டியும் சூடேற்றும் குழாயும் நிறுவனத்துக்கு நிறுவனம், சில சமயம் மாடலுக்கு மாடல் வேறுபடும். பழைய கருவியைப் பீரோவில் வைத்துவிட்டு மாற்று இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர், அதில் பதிந்திருக்கும் அழுத்தம் பல ஆண்டுகளுக்கு முன் குறித்துக்கொடுத்தது என்பதையும், இடையில் உடல் எடை மாறியிருப்பதையும் மறந்திருப்பார்.

நாகலாபுரத்துப் பெரிய கோயிலின் தலக்கதையும் ஒருவகையில் கையிருப்பு பற்றியதே. கிருஷ்ணதேவராயர் தம் தாய் நாகலாதேவியின் நினைவாக அமைத்த ஊர் என்று வரலாறு சொல்லும் இவ்விடத்தில், மச்சாவதாரத் திருமால் வேதநாராயணராக நிற்கிறார். சோமகாசுரன் பிரம்மாவிடமிருந்து வேதங்களைக் கவர்ந்து கடலுக்கடியில் ஒளித்துவைத்தான். திருமால் மீனுருக் கொண்டு கடலில் இறங்கி அவனை வென்று மீட்டார். இக்கதையைக் கேட்கும் குழந்தை, பிரம்மாவிடம் இன்னொன்று இல்லையா என்று கேட்காமல் இராது. கதை சொல்லும் பாட்டிமாரிடம் அதற்குப் பதில் இருப்பதில்லை, ‘அதெல்லாம் கேட்கக் கூடாது’ என்பதோடு முடிந்துவிடும். இன்னொன்று இருந்திருந்தால் அவதாரத்துக்கு வேலை இருந்திராது என்பது வளர்ந்தவர்களின் குறும்புப் பதில். மண்ணில் வேதத்தைக் காத்தவர்கள் அதை வேறுவிதமாகப் பார்த்தனர்: ஏட்டை நம்பாமல், வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு வாய்களில், நாள்தோறும் ஓதிக்கொண்டே வைத்திருந்தனர். அந்தக் கையிருப்பு ஒரு நாளும் ஓய்ந்திருக்கவில்லை.

இந்த ஓயாத கையிருப்பு முறை பஞ்சின் விஷயத்துக்கு எந்த அளவு பொருந்தும் என்பது விவாதத்துக்குரியது. 2021 அறிவிப்பு வந்த அன்று, மாற்றுக் கருவி வைத்திருந்த பலர் அதை எடுத்து மாட்டிக்கொள்ளலாம் என்றே நினைத்திருப்பர்; ஆனால் திரும்பப் பெறும் பட்டியலில் அப்போது பரவலாக இருந்த மாடல்களோடு, அவற்றுக்கு முந்தைய தலைமுறைக் கருவிகளும் இருந்தன. ஒரே நிறுவனத்தில் வாங்கிய இரண்டாவது பெட்டிக்குள்ளும் அதே பஞ்சு. பயன்படுத்தாமல் வைத்ததால் அது புதிதாகவே இருக்கும் என்று சொல்வதற்கும் இல்லை. இதே வகைப் பொருளால் அடிப்பாகம் அமைந்த விலையுயர்ந்த ஷூ, ஒருமுறைகூட அணியாமல் பெட்டியிலேயே இருந்து, எடுத்த நாளில் கையோடு பொடிந்து வருவதை அனுபவித்தவர்கள் உண்டு. கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் ஓர் ஊரில், ஓட்டு வீட்டுப் பரணில், இரண்டாவது கருவியும் தன் போக்கில் மூப்படைந்துகொண்டிருக்கலாம். பஞ்சை மாற்றினாலும் கதை முடிவதாக இல்லை: அதே நிறுவனத்தின் சில செயற்கைச் சுவாசக் கருவிகளில் சிலிக்கோன் பஞ்சு பொருத்தித் திருப்பிக் கொடுத்தபோது, அது ஒட்டு விட்டுக் காற்றுப் பாதையை அடைக்கக்கூடும் என்று 2022இல் மீண்டும் எச்சரிக்கை வந்தது.

சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் முதன்முதலாகச் சிபேப் முறையை நோயாளி ஒருவரிடம் சோதித்தது 1980இல். மறு ஆண்டு ‘லான்செட்’ இதழில் ஐந்து நோயாளிகளைப் பற்றிய கட்டுரை வெளியானது. தொடக்க காலத்தில் ஒவ்வொருவரின் மூக்குக்கும் தனித்தனியே வார்த்த மாஸ்க்கை இரவுதோறும் சிலிக்கோன் பசையால் முகத்தில் ஒட்டினர், காற்று ஊதும் பொறி பெரும் இரைச்சலிட்டது. மாற்று வைத்துக்கொள்வதா என்ற கேள்விக்கே அப்போது இடமில்லை. ஓர் இரவு மூச்சுத் திணறாமல் உறங்கியதே அதிசயமாக இருந்தது. அதிசயம் வீட்டுப் பொருளாக மாறிய பிறகுதான் இரைச்சல் ஒரு குறையாயிற்று. பிறகு பஞ்சு வந்தது.

இன்னொரு சங்கடமும் உண்டு. பஞ்சு அறிவிப்புக்கு ஐந்து வாரம் முன்பு, 2021 மே 10 இரவு, திருப்பதி ரூயா அரசு மருத்துவமனையில் ஆக்சிஜன் அழுத்தம் சில நிமிடங்கள் குறைந்ததில் 11 கோவிட் நோயாளிகள் இறந்ததாக மாவட்ட நிர்வாகம் தெரிவித்தது. அதே வாரங்களில் ஆக்சிஜன் செறிவூட்டியும், இரு நிலைக் காற்றழுத்தம் தரும் ‘பைபேப்’ கருவியும் இரு மடங்கு விலைக்கும் கிடைக்காமல் மக்கள் அலைந்தபோது, சில வீடுகளில் அவை ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று பிரிக்கப்படாமலே கிடந்தன. அவ்வாறு வைத்திருந்தவரைப் பதுக்கல்காரர் என்று சொல்வது கொடுமை. அச்சம் அவருக்கும் நியாயமானதே. ஆனாலும் ஒருவரின் இரண்டாவது கருவி இன்னொருவருக்குக் கிடைக்காமல்போன முதல் கருவியாக இருக்கக்கூடும் என்ற எண்ணத்தை முழுவதும் ஒதுக்கிவிட இயலவில்லை. 10.4 கோடிப் பேரில் கருவி என்று ஒன்றைக் கண்ணால் கண்டவர்களே சொற்பம் என்னும்போது அந்த எண்ணம் மேலும் கனக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் ஐயமின்றிச் சொல்லக்கூடியவை சிலவே. மாஸ்க் குஷன், வார், குழாய், ஃபில்டர், அடாப்டர் ஆகியவற்றில் ஒரு செட், இப்போது பயன்படுத்தும் கருவிக்குப் பொருந்துவதாக, வீட்டில் இருந்தே ஆக வேண்டும். மின்தடை உள்ள ஊரில் இன்வெர்ட்டரில் ஓட்டும்போது மின்சாரத்தை அதிகம் இழுக்கும் ஈரப்பதச் சூடேற்றியை நிறுத்திவிட்டால் இரவு தாங்கும். பழைய கருவியை மாற்றாக வைத்திருப்பவர், மருத்துவரிடம் காட்டி இன்றைய அழுத்தத்தைப் பதிந்துகொண்டு, மாதத்தில் ஓர் இரவாவது அதை மாட்டிப் படுத்துப் பார்க்க வேண்டும்; காலையில் குழாயை வெளிச்சத்தில் பிடித்துக் கரும்பொடி ஏதும் தெரிகிறதா என்று பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். புதிதாக இரண்டாவது கருவியே வாங்குவதா என்பதில் மட்டும் தீர்ப்பு தடுமாறுகிறது. நெடுஞ்சாலையில் லாரி ஓட்டுபவருக்கும் இதய நோய் உள்ளவருக்கும் வாங்குவது நல்லது என்றே படுகிறது, மற்றவர்களுக்கு அப்படி அடித்துச் சொல்ல முடியவில்லை. வாங்குவதென்று முடிவு செய்தவர்கள் முதல் கருவியைச் செய்த நிறுவனத்தை விட்டு வேறொன்றைத் தேர்ந்துகொள்ளட்டும்.