வில்லின் விலையை யார் கொடுப்பது?

சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து அன்னவாசல் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தேன். வளைகுடா நாட்டிலிருந்து விடுமுறையில் ஊர் வந்திருந்த வாலிபர் ஒருவர் ஸலாம் சொல்லிப் பக்கத்தில் வந்து அமர்ந்தார். சற்றுத் தயங்கிவிட்டுத் தமது கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். அது ஒரு வில்லின் படம்.

"ஹஜ்ரத், வில் வித்தை ஸுன்னத்துதானே? வேட்டையும் ஹலால்தானே? ஒரு வில் வாங்கலாம் என்றிருக்கிறேன். கண்மாய்க் கரையிலும் குன்றுப் பக்கமும் முயலும் கௌதாரியும் நிறையத் திரிகின்றன. புதிதாகப் பழகுகிறவனுக்கு விலை குறைந்த வில்லே போதும் அல்லவா?" என்று கேட்டார்.

நல்ல பிள்ளை. தொழுகையைப் பேணுகிறவர். விடுமுறையை வீணான கேளிக்கையில் கழிக்காமல், ஒரு வித்தையைக் கற்க வேண்டும் என்று விரும்புகிறவர். செய்வதற்கு முன் மார்க்கத்தில் ஆகுமா என்று கேட்க வந்ததும் பாராட்டத்தக்கது. அவருக்குச் சொன்ன பதில் மற்ற வீடுகளிலுள்ள வாலிபர்களுக்கும் பயன்படலாம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

வில் வித்தையின் சிறப்பு

வில் பழகுவது சிறப்புக்குரியது என்பதில் ஐயமில்லை. உங்களால் இயன்ற பலத்தைத் தயார் செய்யுங்கள் என்ற பொருளில் அல்-அன்ஃபால் அத்தியாயத்தின் 60ஆம் வசனம் அமைந்திருக்கிறது. அந்தப் பலம் என்பது அம்பெய்தல்தான் என்று நாயகம் (ஸல்) அவர்கள் மிம்பரில் நின்று விளக்கியதை உக்பா இப்னு ஆமிர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். கற்ற அம்பு வித்தையைக் கைவிடுவதையும் பெருமானார் (ஸல்) கண்டித்துள்ளார்கள். இவ்விரண்டும் முஸ்லிம் கிரந்தத்தில் உள்ளன.

இன்னொரு நிகழ்ச்சி புகாரியில் வருகிறது. அஸ்லம் கூட்டத்தார் தங்களுக்குள் போட்டியிட்டு அம்பெய்து கொண்டிருந்தபோது அவ்வழியே வந்த நாயகம் (ஸல்) அவர்கள், உங்கள் தந்தை இஸ்மாயீல் (அலை) வில்லாளியாக இருந்தார், நீங்களும் எய்யுங்கள் என்று உற்சாகமூட்டினார்கள். அங்கே நடந்தது வேட்டையன்று, ஒருவரோடொருவர் திறமையைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சி. எந்த உயிரும் அவர்களுடைய அம்புக்கு முன்னால் நிற்கவில்லை. ஆகவே வில் வித்தைக்குரிய சிறப்பைப் பெற வேட்டை ஒரு நிபந்தனையல்ல.

வேட்டைக்கு இட்ட வரம்பு

வேட்டை ஹலால் என்பதும் உண்மையே. ஆனால் ஹலால் என்ற சொல்லோடு நிறுத்திக்கொண்டால், வரம்புகளை விட்டு அனுமதியை மட்டும் எடுத்துக்கொண்டவர்களாவோம்.

ஹாத்தமுத் தாயியின் மகனார் அதீ (ரலி) அவர்கள் வேட்டையைப் பற்றி நாயகத்திடம் பல மஸ்அலாக்களைக் கேட்டார்கள். எறிந்த கோலின் கூர்முனை தைத்துப் பிராணி இறந்தால் உண்ணலாம், அதன் பக்கவாட்டு மோதி இறந்தால் அடிபட்டுச் செத்ததற்குச் சமம், உண்ணக் கூடாது என்பது கிடைத்த பதில். அம்பு பட்ட பிராணி தண்ணீரில் விழுந்து கிடந்தால் அதையும் விட்டுவிட வேண்டும். அம்பு கொன்றதா, தண்ணீர் கொன்றதா என்பது தெரியாதல்லவா? பிராணி உயிரோடு கைக்குக் கிடைத்தால் அறுத்தே ஆக வேண்டும். எய்யும்போது பிஸ்மில்லாஹ் சொல்வது ஷாஃபி மத்ஹபில் ஸுன்னத்து. ஹனஃபி மத்ஹபில் வேண்டுமென்றே அதை விட்டுவிட்டால் அப்பிராணி ஹராம்.

நம் ஊர்ச் சிறுவர்கள் கவட்டையில் கல் வைத்து அடித்துக் கொல்லும் பறவையின் நிலையும் இதிலிருந்து விளங்கும். கல்லுக்குக் கூர்முனை கிடையாது. அடிபட்டுச் செத்ததை அல்-மாயிதா அத்தியாயத்தின் 3ஆம் வசனம் ஹராமாக்கியுள்ளது. உயிர் இருக்கும்போது எடுத்து அறுத்தாலன்றி அது உண்ணத் தகாது.

இதை எழுதும்போது எனக்கு ஒரு சம்பவம் நினைவுக்கு வருகிறது. பத்து வயதில் நானும் கவட்டை வைத்திருந்தேன். கண்மாய்க் கரை வேப்பமரத்திலிருந்த புறாவை ஒரு நாள் அடித்துவிட்டேன். இறக்கை ஒடிந்து விழுந்த அது, தத்தித் தத்திக் கருவேல முள்ளுக்குள் போய்விட்டது. மஃரிபு பாங்கு வரை தேடியும் கிடைக்கவில்லை. வெறுங்கையோடு வீடு திரும்பி நன்னியிடம் சொன்னேன். "அறுத்தியா? இல்லை. தின்னியா? அதுவும் இல்லை. அப்ப என்னத்துக்குடா அதை அடிச்சே?" என்று கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை. மறுநாள் கவட்டை அடுப்புக்குப் போயிற்று.

பல ஆண்டுகள் கழித்து மதரஸாவில் மிஷ்காத் ஓதும்போது ஒரு ஹதீஸ் வந்தது. ஒரு சிட்டுக்குருவியையோ அதைவிடப் பெரியதையோ உரிமையின்றிக் கொன்றவனிடம் அல்லாஹ் அதைப் பற்றி விசாரிப்பான். அதன் உரிமை யாது என்று தோழர்கள் கேட்க, அறுத்து உண்பதே, தலையை வெட்டி எறிந்துவிடுவதல்ல என்று பெருமானார் (ஸல்) விளக்கினார்கள். என் நன்னிக்கு அரபு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். அவர்கள் கேட்ட கேள்விதான் இந்த ஹதீஸில் இருந்தது. அன்று எனக்கு உஸ்தாதின் விளக்கம் தேவைப்படவில்லை.

மலிவு யாருக்கு?

இப்போது அந்த வாலிபரின் கேள்விக்கு வருவோம். பழகுகிறவனுக்கு விலை குறைந்த வில் போதாதா?

பழகுவதற்குப் போதும், வேட்டைக்குப் போதாது. துப்பாக்கிக் குண்டு அதிர்ச்சியாலும் கொல்லும். அம்பு அப்படியல்ல. அது உள்ளே புகுந்து, அறுத்து, இரத்தம் வெளியேறச் செய்தே கொல்லும். அதற்கு அலகு கூராக இருக்க வேண்டும், வில்லுக்குப் போதிய இழுவிசை இருக்க வேண்டும், அம்பு மார்புக்கூட்டில் சரியான இடத்தில் தைக்க வேண்டும். ஒன்று தவறினாலும் பிராணி சாகாது. காயத்தோடு ஓடிப் புதருக்குள் கிடந்து மெல்லச் சாகும்.

புதிதாகப் பழகுகிறவர்களுக்கு 20 முதல் 30 பவுண்டு இழுவிசையுள்ள வில்லைத்தான் ஆசிரியர்கள் கையில் கொடுப்பார்கள். அதற்கு மேல் போனால் கை நடுங்கும், தோள் பிசகும், குறி தவறும். அனுமதி பெற்று வில்லால் வேட்டையாடும் அமெரிக்க நாட்டிலோ, மான் வேட்டைக்கு இன்ன பவுண்டுக்குக் குறையக் கூடாது என்று பல மாநிலங்களில் சட்டமே உண்டு. சில மாநிலங்கள் பாடம் படித்துத் தேறியவருக்கே அனுமதிச் சீட்டு வழங்குகின்றன. பிரிட்டனில் காட்டு உயிர்களை வில்லால் கொல்வதையே 1981ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்துவிட்டது.

ஆகவே பழகுகிறவனின் கைக்கு ஏற்ற வில், வேட்டைக்கு ஏற்றதல்ல. வேட்டைக்கு ஏற்ற வில், பழகுகிறவனின் கைக்கு ஏற்றதல்ல. முயல், கௌதாரி போன்ற சிறு உயிர்களுக்கு அவ்வளவு பலம் வேண்டாமே என்று கூறலாம். ஆனால் உடல் சிறுத்தால் குறியும் சிறுக்கும். ஓடுகிற முயலின் மார்பில் அம்பு தைக்க எத்தனை வருடப் பயிற்சி வேண்டும்! அதுவரை எய்யும் அம்புகளெல்லாம் எங்கே போய்த் தைக்கும்?

எதையும் அழகுறச் செய்ய வேண்டும் என்பதை அல்லாஹ் விதியாக்கியிருப்பதாகவும், அறுக்கும்போது கத்தியைக் கூராக்கிப் பிராணிக்கு எளிதாக்க வேண்டும் என்றும் நாயகம் (ஸல்) போதித்ததை ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். குர்பானிக் கத்தியைத் தீட்டாமல் எடுத்து வருகிறவரை நாம் கண்டிக்கிறோம். கையே தீட்டப்படாத நிலையில் வில்லை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போகிறவரை என்ன சொல்வது?

குறைஷி வாலிபர்கள் சிலர் ஒரு பறவையைக் கட்டி வைத்து அம்பெய்து பழகிக் கொண்டிருந்தார்கள். தவறிப்போகும் அம்புகளைப் பறவையின் சொந்தக்காரருக்குக் கொடுப்பதென்று ஏற்பாடு. இப்னு உமர் (ரலி) அவர்களைக் கண்டதும் சிதறி ஓடினார்கள். உயிருள்ளதைக் குறிப்பொருளாக்குகிறவனை நாயகம் (ஸல்) சபித்துள்ளார்கள் என்று இப்னு உமர் (ரலி) எச்சரித்தார்கள். அந்த வாலிபர்கள் பறவையின் சொந்தக்காரருக்குரிய விலையை ஒழுங்காகக் கொடுத்தார்கள். பறவை பட்ட வேதனைக்கு யார் விலை கொடுத்தார்கள்? கட்டி வைத்த பறவைக்கும் காட்டில் திரியும் முயலுக்கும் வேறுபாடு உண்டு. ஆயினும் பழகாத கை எய்யும்போது, அந்த முயலும் பயிற்சிப் பலகையாகவே ஆகிவிடுகிறது. வில்லில் நாம் மிச்சம் பிடிக்கும் பணத்தை அந்த உயிர் தன் வேதனையால் கட்டித் தீர்க்கிறது.

சட்டம் தடுக்கும்போது

"ஸஹாபாக்கள் வேட்டையாடினார்களே! அல்லாஹ் ஹலாலாக்கியதைச் சர்க்கார் தடுக்கலாமா?" என்று அந்த வாலிபர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம், உரிமம் பெற்று வேட்டையாடும் வழக்கத்தையும் அடைத்தது. முயல், கௌதாரி, புள்ளிமான், மயில் யாவும் அதன் பாதுகாப்பில் உள்ளன. கொல்வது மட்டுமன்றி, காயப்படுத்துவதும் கண்ணி வைப்பதும் அதற்கு முயல்வதும்கூட அச்சட்டப்படி வேட்டைதான். மூன்றாண்டு வரை சிறை உண்டு. மயிலைப் போன்ற முதல் அட்டவணை உயிர்களானால் மூன்று முதல் ஏழாண்டு. குற்றத்துக்குப் பயன்பட்ட ஆயுதமும் வாகனமும் சர்க்காருக்குச் சேரும். விடுமுறை முடிந்து திரும்பிப் போக வேண்டியவர், வழக்கு ஒன்றில் மாட்டிக்கொண்டால் அவரை நம்பியிருக்கும் வீடு என்னாவது?

பயத்தினால் மட்டும் இதைச் சொல்லவில்லை. வேட்டை நமக்கு ஃபர்ளுமல்ல, வாஜிபுமல்ல. அது முபாஹ், செய்யவும் விடவும் உரிமையுள்ள காரியம். பொது நன்மையைக் கருதி முபாஹான ஒன்றை ஆட்சி தடுக்கும்போது அதற்குக் கட்டுப்படுவது மார்க்கத்துக்கு முரணாகாது. ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்ற கட்டளையுடன்தான் அல்-மாயிதா அத்தியாயமே தொடங்குகிறது. ஒரு நாட்டில் குடிமக்களாக வாழ்வதும் ஓர் ஒப்பந்தமே.

அதே அத்தியாயத்தின் 94ஆம் வசனம் சிந்திக்கத் தக்கது. இஹ்ராமில் இருந்தவர்களின் கைகளுக்கும் ஈட்டிகளுக்கும் எட்டும் தூரத்தில் வேட்டைப் பிராணிகளை விட்டு, மறைவில் தன்னை அஞ்சுகிறவர் யார் என்று அல்லாஹ் சோதித்தான். எட்டும் தூரத்தில் நிற்பதை எய்யாமல் விடுவது அங்கே இபாதத்தாக இருந்தது. மக்காவின் ஹரம் எல்லைக்குள் வேட்டைப் பிராணியை விரட்டவும் கூடாது. ஆக, வேட்டைக்கு இடத்தாலும் காலத்தாலும் தடை வரலாம் என்பது நமக்குப் புதிய செய்தியல்ல.

அந்த வாலிபர் போக நினைத்த குன்றுப் பக்கம்தான் சித்தன்னவாசல் இருக்கிறது. அதன் குகையில் சமண முனிவர்களின் கற்படுக்கைகளை இன்றும் காணலாம். எந்த உயிரையும் கொல்லலாகாது என்பது அவர்கள் கொள்கை. நம் மார்க்கம் அப்படிச் சொல்லவில்லை. உண்பதற்காக உயிரை எடுக்க நமக்கு அனுமதி உண்டு. ஆனால் அனுமதி பெற்றவனுக்கே பொறுப்பு அதிகம். அந்த உயிரின் உரிமையை நிறைவேற்றினாயா என்று நாளை கேட்கப்படப் போகிறவர்கள் நாம்தான்.

எந்த வில் வாங்கலாம்?

வில்லே வேண்டாம் என்று அவரிடம் நான் சொல்லவில்லை. வாங்குங்கள், வைக்கோலை எய்யுங்கள் என்றேன்.

நம் நாட்டுப் போட்டிகளில் இந்தியச் சுற்று என்று ஒரு பிரிவு உண்டு. அதில் மூங்கில் வில்தான். சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைத்துவிடும். சக்கரங்கள் வைத்த காம்பவுண்டு வில்லின் விலை போட்டித் தரத்தில் லட்ச ரூபாயைத் தொடும். அது தொடக்கத்தில் தேவையே இல்லை. ராஜஸ்தானின் பழங்குடிக் குடும்பத்தில் பிறந்த லிம்பா ராம் சிறுவயதில் மூங்கில் வில்லோடு காட்டில் திரிந்தவர். பின்னர் அவர் பயிற்சி பெற்று 1988, 1992, 1996 ஒலிம்பிக் பந்தயங்களில் குறிப்பலகையை எய்தார். 2012இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார்.

வாங்குமுன் இரு கைகளையும் விரித்து, விரல்நுனியிலிருந்து விரல்நுனி வரை அங்குலத்தில் அளந்து இரண்டரையால் வகுத்தால் நாணை இழுக்கும் நீளம் ஏறத்தாழத் தெரியும். அம்பு அந்த நீளத்துக்குக் குறையவே கூடாது. குறைந்தால் கையைத் துளைத்துவிடும். முன்கைக் காப்பும் விரலுறையும் வாங்கத் தயங்க வேண்டாம். மிச்சம் பிடிக்கும் இடம் அதுவல்ல. அம்பு பூட்டாமல் நாணை இழுத்து விட்டால் வில் முறியக்கூடும். எய்யும் திசையில் ஆடு மேய்ப்பவரோ பிள்ளைகளோ வராத இடமாகப் பார்த்து, வைக்கோல் கட்டுக்குப் பின்னால் மண்மேடு இருக்கும்படி அமைத்துக்கொள்ள வேண்டும். பள்ளிவாசலுக்கும் கடைத்தெருவுக்கும் அம்போடு வருகிறவர் அதன் முனையைப் பிடித்துக்கொள்ளட்டும் என்று பெருமானார் (ஸல்) கட்டளையிட்டது, எவருக்கும் கீறல்கூடப் படக் கூடாது என்பதற்காகவே.

அனுமதி பெற்று வேட்டையாட வாய்ப்புள்ள நாடுகளில் வாழும் நம் சகோதரர்களும் இதே வரிசையில்தான் போக வேண்டும். முதலில் வைக்கோலில் கை தேறட்டும். பிறகு அந்நாட்டின் சட்டம், அதன் பிறகு பிஸ்மில்லாஹ். அப்போதும், வேட்டையின் பின்னாலேயே அலைகிறவன் மறதியில் வீழ்கிறான் என்ற நபிமொழி நினைவில் இருக்கட்டும். தொழுகை நேரம் முயலின் பின்னால் ஓடிப் போய்விடக் கூடாது.

எல்லாவற்றையும் கேட்ட வாலிபர் சிறிது நேரம் மௌனமாக இருந்தார். "அப்படியானால் முயல் கறி?" என்று கேட்டுச் சிரித்தார். "நம் கடைத்தெருவில் ஆட்டுக்கறி ஹலாலாகக் கிடைக்கிறது தம்பி, அதற்கு அம்பும் வேண்டாம், வழக்கும் வேண்டாம்" என்றேன். அவர் வில் வாங்கினாரா என்று நான் விசாரிக்கவில்லை. சென்ற வாரம் அவர் வீட்டுக் கொல்லைப்பக்கம் புதிதாக ஒரு வைக்கோல் கட்டைக் கண்டேன். அவர்கள் வீட்டில் மாடு கிடையாது.

கற்கும் வித்தையின் செலவைக் கற்பவனே ஏற்க வேண்டும், வாயில்லா உயிரின் தலையில் அதைச் சுமத்தலாகாது. ஹலாலை அதன் வரம்போடு ஏற்று நடக்கும் தவ்ஃபீக்கை நம் அனைவருக்கும் அல்லாஹு தஆலா வழங்குவானாக. ஆமீன்.