குடற்சுவரும் ‘தான்’ என்னும் எல்லையும்

உடல் தன்னையும் பிறிதையும் பிரித்தறிந்து, பிறிதை எதிர்ப்பதே நோயெதிர்ப்பின் இயல்பு என்று ஆஸ்திரேலிய அறிஞர் பிராங்க் மக்ஃபார்லேன் பர்னெட் வகுத்த கொள்கை, 1960இல் பீட்டர் மெடாவருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அவருடைய ஆய்வுப்பணிக்கு அடித்தளமாக இருந்ததோடு, மெய்யியலாரையும் ஈர்த்தது. ஆயினும் குடலின் உட்சுவர் அக்கொள்கைக்குள் எளிதில் அடங்குவதில்லை. ஒரே அடுக்காக அமைந்து, சில நாள்களுக்கொருமுறை புதுப்பிக்கப்படும் அச்சுவரின் உயிரணுக்கள், கோடானுகோடி பாக்டீரியாக்களுக்கும் நோயெதிர்ப்பு அணுக்களுக்கும் இடையே நிற்கின்றன. நார்ச்சத்தைப் பாக்டீரியாக்கள் நொதிக்கச் செய்கையில் உண்டாகும் பியூட்டிரேட் என்னும் கொழுப்பு அமிலம், டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களிலிருந்து அசெட்டைல் தொகுதிகளை அகற்றும் நொதிகளைத் தடுப்பதால், அச்சுவரணுக்களில் இறுகிக்கிடந்த மரபணுப் பகுதிகள் சில தளர்ந்து செயற்படத் தொடங்குகின்றன. அதன் விளைவாக மிகுதியாகச் சுரக்கும் டிஜிஎஃப்-பீட்டா என்னும் சைகைப் புரதம், அளவுமீறிய எதிர்ப்பை அடக்கும் ‘ஒழுங்குபடுத்தும் டி அணுக்கள்’ உருவாகத் துணைசெய்கிறது. உடலின் பொறுமையை உண்டாக்குவதில், பிறிதெனப்பட்ட உயிரிக்கே பங்கிருக்கிறது என்பதே இங்கு மெய்யியலுக்கு எழும் சிக்கல். (இதனை உடலின் பெருந்தன்மை என்று போற்றுவது மிகை, நோய்க்கிருமி ஊடுருவினால் அதே சுவரணுக்கள் அழற்சிச் சைகைகளை எழுப்புகின்றன.) ‘தான்’ என்பது பெரும்பாலும் கருநிலையிலேயே முடிவாகிவிடுகிறது என்ற பர்னெட்டின் கருத்தைவிட, அது உறவுகளால் தொடர்ந்து அமைக்கப்படுகிறது என்ற கருத்தே இச்சான்றுகளுக்குப் பொருந்துகிறது, எனினும், பிறரிடமிருந்து பெற்றுப் பொருத்தப்பட்ட உறுப்பை உடல் ஏன் தள்ளுகிறது என்பதை விளக்க முந்தைய கொள்கை இன்றும் தேவைப்படுகிறது.