இடம் கிடைக்காதவை சேர்ந்த இடம்

கோலார் தங்கவயலில் தங்கம் உண்டானது என்கிறோம். உண்மையில் அங்கே எதுவும் உண்டாகவில்லை. தங்க அணுக்கள் பூமிக்கு முன்பே விண்மீன்களின் அழிவில் பிறந்தவை. பின்னால் பேசப்போகும் லித்தியத்திலும் ஒரு பங்கு பிரபஞ்சத்தின் முதல் நிமிடங்களைச் சேர்ந்தது. பூமி செய்த வேலை சேர்த்துவைத்தது மட்டுமே. சாதாரணப் பாறையில் டன்னுக்குச் சில மில்லிகிராம் தங்கம் இருக்கும். தங்கவயலின் தொடக்க காலத்தில் டன்னுக்கு 40 கிராமுக்கு மேல் கிடைத்தது. பத்தாயிரம் மடங்கு! இந்தச் சேர்க்கை எப்படி நடந்தது என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு மனிதர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

கோலார் பாறைப் பட்டையின் எரிமலைக் குழம்பு உறைந்து சுமார் 270 கோடி ஆண்டுகள் ஆகின்றன. பின்னர் ஆழத்திலிருந்து கிளம்பிய வெந்நீர், கந்தகத்தோடு பிணைந்த தங்கத்தைச் சுமந்து பிளவுகளில் ஏறி, குவார்ட்ஸோடு இறக்கிவைத்தது. மேற்கே மாண்டியா மாவட்டத்தில் மார்லகல்லா, அல்லாபட்னா பகுதியில் இருப்பது வேறு வகைச் சேர்க்கை: பெக்மடைட் பாறையில் லித்தியம். 1,600 டன் இருக்கலாம் என்ற அணுக் கனிம இயக்குநரகத்தின் முதற்கட்ட மதிப்பீடு 2021இல் வெளியானது.

பெக்மடைட் பிறக்கும் விதத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கிரானைட் குழம்பு ஆறும்போது ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும் மைக்காவும் படிகமாகின்றன. அந்தப் படிகக் கட்டுக்குள் சீசியம் நுழையாது, உருவம் பெரிது. பெரிலியம் பொருந்தாது, மிகச் சிறிது. டான்டலத்தின் மின்சுமை அதிகம். லித்தியத்துக்கும் எளிதில் இடமில்லை. உப்பளத்தில் உப்பு விளைந்தபின் பாத்தியில் மிஞ்சும் நஞ்சோடைபோல, எந்தப் படிகமும் ஏற்காதவை எல்லாம் கடைசிக் குழம்பில் திரள்கின்றன. நீரும் ஃபுளூரினும் போரானும் அதை இளக்கி ஓடவிடுகின்றன. வெடிப்புக்குள் புகுந்து அது உறையும்போது ஸ்போடுமீன் என்ற லித்தியக் கனிமப் படிகங்கள் ஆளைவிட நீளமாகக்கூட வளரும்.

ஆஸ்திரேலியாவின் கிரீன்புஷஸ், ஜிம்பாப்வேயின் பிகிதா, கனடாவின் டான்கோ ஆகிய பெரும் படிவங்கள் ஏறத்தாழ 250 முதல் 265 கோடி ஆண்டுகளுக்கு முந்தியவை. வயதைச் சொல்வதும் இடமற்றவைதான். டான்டலக் கனிமம் தனக்குள் கொஞ்சம் யுரேனியத்தை ஏற்றுக்கொள்கிறது. அது 447 கோடி ஆண்டுக்குப் பாதி என்ற கணக்கில் ஈயமாகிறது. இரண்டின் விகிதத்தை அளந்தால் பிறந்த காலம் தெரிந்துவிடும்.

தங்கவயலுக்கு ஆட்கள் வந்ததும் இப்படித்தான். 1880களில் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கம் தோண்டியபோது, வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்தவர்களில் பெரும்பாலோர் ஊரில் நிலமும் கிணறும் மறுக்கப்பட்ட தலித் மக்கள். ஆனால் ஒரு வேறுபாட்டை விட்டுவிடக் கூடாது. படிகம் லித்தியத்தை வெறுத்துத் தள்ளவில்லை. ஊர் இவர்களை வெறுத்தே தள்ளியது. வந்த இடமும் சொர்க்கமில்லை. மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம், தொட்டால் சுடும் பாறை, திடீரென வெடித்துச் சரியும் சுவர்கள், நுரையீரலில் படியும் சிலிக்காத் தூசி.

இருந்தும் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் திரண்டது கூலிப்படை மட்டுமல்ல. தலித் சிந்தனையாளர் அயோத்திதாசரின் பௌத்த சங்கம் தங்கவயலின் மாரிக்குப்பத்தில் கிளை விட்டது. அவர் நடத்திய ‘தமிழன்’ இதழை, அவர் மறைந்த பின், 1920களில் அவர் வழிவந்த அப்பாதுரையார் தங்கவயலிலிருந்தே மீண்டும் கொண்டுவந்தார். பள்ளியும் வாசிப்பும் வாதமும் வளர்ந்தன. எந்தக் கட்டமைப்பும் இடம் தராதவர்கள் ஒன்றாய்த் திரண்டபோது, அந்தக் கட்டமைப்பிடம் இல்லாத ஒன்று அவர்களிடம் உருவானது. தமிழ் நவீனத்தின் செறிந்த தாது அங்கே இருந்தது என்றே நான் நம்புகிறேன்.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவான சயனைடு மேடுகளில் டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவாகத்தான் தங்கம் மிச்சம். அதையும் எடுக்க ஏலம் விடும் மத்திய அரசின் யோசனைக்குக் கர்நாடக அமைச்சரவை 2024இல் ஒப்புதல் தந்தது. அந்த மண்ணை வெட்டி மேலே ஏற்றியவர்களின் பேரப்பிள்ளைகள் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். மேட்டில் மிஞ்சிய மில்லிகிராமுக்குக் கணக்கு எழுதும் ஏலப் பத்திரத்தில் அவர்களுக்குரிய பங்கும் எழுதப்பட வேண்டும்.