தபசு மரம் ஏறியவர் பிள்ளை நீ!

எழுந்து உட்கார்!

ராத்திரி முழுக்கக் கூத்து. விடிந்த பிறகுதான் டெம்போவில் ஊர் வந்து சேர்ந்தாய். காதோரம் அரிதாரம் இன்னும் போகவில்லை. தோளில் புஜக்கட்டை அழுத்திய தடம் சிவந்து கிடக்கிறது. தெரியும்.

ஆனாலும் எழுந்து உட்கார். உன்னோடு பேச வேண்டும்.

"நமக்கெல்லாம் எங்க கவர்மெண்டு வேலை? நாம கூத்தாடிங்க" என்றாயே, யார் சொல்லிக்கொடுத்த பாடம் அது?

உன் அப்பாவா? அவருக்கு ஊர் சொன்னது. ஊருக்கு யார் சொன்னது? என்றோ எவனோ தன் வசதிக்குச் சொன்னதை மூன்று தலைமுறையாக நீங்கள் சுமந்துகொண்டிருக்கிறீர்கள். சுமந்தது போதாதா?

இறக்கி வை!

பறையடிப்பவர் மகனே, உனக்கும் சொல்கிறேன். கரகம் ஆடுகிறவர் மகளே, உனக்கும்தான். பள்ளிக்கூடத்தில் உன் அம்மாவின் தொழிலைச் சொல்லிக் கூப்பிட்டார்களே, நீ தலைகுனிந்து உட்கார்ந்தாயே, அந்தத் தலையை நிமிர்த்து.

பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் வீட்டில் இருக்கிறதா? எடு. 'நிகழ்கலை' என்றொரு பாடம் இருக்கும். கரகாட்டம், ஒயிலாட்டம், தப்பாட்டம், தெருக்கூத்து என்று வரிசையாக வரும். அதை எங்கே படிக்கிறார்கள் தெரியுமா? சென்னை அண்ணா நகரில் பயிற்சி மைய மேசையில் மஞ்சள் மை தடவி மனப்பாடம் செய்கிறார்கள். குரூப் 4 தேர்வில் ஒரு கேள்வி வந்தாலும் வரும் என்று.

உன் அப்பா விடிய விடிய ஆடுவது, மற்றவர்களுக்குப் பாடத்திட்டம்!

அந்தப் பாடத்தோடு கூடவே வாழ்ந்தவன் நீ. நீ தேர்வு எழுதத் தயங்குகிறாய். இது நியாயமா?

"எனக்குப் படிப்பு ஏறாதுங்க."

பொய்!

கர்ண மோட்சத்தில் உன் பாட்டு எத்தனை? விருத்தம் எத்தனை, தரு எத்தனை? எந்த இடத்தில் ஆர்மோனியம் ஏறும், எந்த இடத்தில் மிருதங்கம் நிற்கும், எந்த அடியில் கட்டியங்காரன் குறுக்கே வருவான் என்று எல்லாம் தெரிந்து வைத்திருக்கிறாயே, கையில் தாள் வைத்துக்கொண்டா ஆடினாய்? இரவு பத்து மணிக்கு ஆரம்பித்துக் கோழி கூவும் வரை ஒரு சொல் பிசகாமல் பாடுகிற நினைவாற்றலுக்குப் படிப்பு ஏறாதா?

பாட்டை வாத்தியார் எப்படிச் சொல்லிக்கொடுத்தார்? ஒரு வரி சொல்வார். நீ திருப்பிச் சொல்வாய். தப்பினால் திட்டு விழும். மறுபடி சொல்வாய். மறுநாள் காலையில் முதலிலிருந்து கேட்பார். போட்டித் தேர்வுக்குப் படிப்பதும் இந்த முறையில்தான். இதற்கு மேல் ரகசியம் எதுவும் இல்லை. ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு இதைத்தான் சொல்லித் தருகிறார்கள்.

நேர்முகத் தேர்வு என்றால் கைகால் உதறுமே என்கிறாயா? குரூப் 4-க்கு நேர்முகத் தேர்வே கிடையாது. இருந்தால்தான் என்ன? ஊர் முழுக்க உட்கார்ந்து பார்க்க, திரை விலக்கி, குரலெடுத்துத் தன் பெயரைத் தானே முழங்குகிறவன் நீ. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நாலு பேருக்கா பயப்படுவாய்?

கணக்கைக் கேள். 200 கேள்வி. 300 மதிப்பெண். மூன்று மணி நேரம். ஒரு கேள்விக்கு 54 விநாடி. இருநூறில் நூறு கேள்வி தமிழ்! மிச்சம் 75 பொது அறிவு, 25 கணக்கும் திறனறிவும். கேட்கும் கல்வித் தகுதி பத்தாம் வகுப்பு.

தமிழில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். பலர் பயப்படும் இடம் அது. நீ பயப்படலாமா? பாரதம் முழுக்கப் பாடும் வாயல்லவா உன்னுடையது!

கடினம்தான். மறைக்க மாட்டேன். 2025 ஜூலையில் நடந்த குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 3,935. விண்ணப்பித்தவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். இந்த எண்ணைப் பார்த்ததும் உனக்கு மூச்சு முட்டுகிறது.

முட்டட்டும். முட்டிய பிறகு யோசி. அந்த 13 லட்சத்தில் எத்தனை பேர் பாடத்திட்டத்தை ஒரு முறையாவது முழுதாகப் படித்தார்கள்? எத்தனை பேர் வீட்டாருக்காக விண்ணப்பித்தார்கள்? கூட்டத்தைக் கண்டு மிரளாதே. உண்மையாகப் படித்தவனோடு மட்டும்தான் உனக்குப் போட்டி.

அந்த விடைத்தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்தாவதாக ஒரு வட்டம் உண்டு. விடை தெரியாதவர் அதைக் கறுப்பு மையால் நிரப்ப வேண்டும். நீ தேர்வு அறைக்குள் போகாமலேயே 200 கேள்விக்கும் அந்த ஐந்தாவது வட்டத்தை நிரப்பிவிட்டாயே! ஏன்? யார் உன் கையில் பேனாவைக் கொடுத்து அப்படி நிரப்பச் சொன்னது?

இப்போது நீ வேறொன்று சொல்வாய். "அவனுக்கு அப்பா சம்பளக்காரர். தனி அறை. மாதா மாதம் பயிற்சிக் கட்டணம். எனக்குச் சீசனில் ராத்திரி கூத்து, சீசன் முடிந்தால் கூலி வேலை. இரண்டு பேருக்கும் ஒரே வினாத்தாளா?"

சரியான கேள்வி. கோபப்பட வேண்டிய கேள்வி. எனக்கும் கோபம் வருகிறது.

இந்த நாட்டில் மேல்தட்டு ஒரு சதவீதத்தினர் கையில் மொத்தச் சொத்தில் 40 சதவீதம் இருக்கிறது என்று பொருளாதார அறிஞர்கள் 2022-23ஆம் ஆண்டுக்குக் கணக்குக் காட்டினார்கள். உன் பங்குக்கு என்ன கிடைத்தது? பங்குனியில் தொடங்கி ஆடி வரைக்கும் கூத்து. அதற்கு அப்புறம் வாங்கிய கடன். 2020-இல் கொரோனா வந்து திருவிழா நின்றபோது உன் வீட்டுக் கிரீடம் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. மேடையும் போய் வருமானமும் போன அந்தக் கோடையை நீ மறந்திருக்க மாட்டாய்.

களம் சமமாக இல்லை. இதைச் சொல்லிக் கோபப்பட உனக்கு உரிமை உண்டு. சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்ள உரிமை கிடையாது!

ஏனென்றால் உனக்கென்று திறந்திருக்கும் கதவுகளைக்கூட நீ தள்ளிப் பார்க்கவில்லை. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு சட்டமாகவே இருக்கிறது. தெரியுமா? மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் காசு வாங்காமல் வகுப்பு நடத்துகிறது. ஒரு நாளாவது எட்டிப் பார்த்தாயா? ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை பள்ளிப் புத்தகங்கள் உன் கைப்பேசியிலேயே இலவசமாக இறங்கும். இறக்கினாயா? குடிமைப் பணித் தேர்வே என் கனவு என்கிறவர்களில் ஆயிரம் பேரைத் தேர்ந்தெடுத்து, முதல்நிலைத் தேர்வுக்குப் படிக்க மாதம் 7,500 ரூபாய் தருகிறது நான் முதல்வன் திட்டம். கேள்விப்பட்டாயா?

இல்லை என்றால், ஏழ்மை பாதிதான் காரணம். மீதிக் காரணம் நீ!

ஜவ்வாது மலையின் புலியூர்க்காரர் ஸ்ரீபதி. மலையாளிப் பழங்குடி இனத்தில் பிறந்தவர். உரிமையியல் நீதிபதி தேர்வு நெருங்கும் நேரத்தில் அவருக்குப் பிரசவம். குழந்தை பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. அந்த உடம்போடு சென்னைக்குப் பயணம் செய்து தேர்வு எழுதினார். 2024-இல், 23 வயதில், நீதிபதியாகத் தேர்வானார்.

இப்போது சொல், உனக்குத் தூக்கம் வருகிறதா?

பயம் என்கிறாயா? பயத்தைப் பற்றி உன்னிடம் நான் என்ன பேச! அர்ச்சுனன் தபசு அன்று உன் அப்பா மரம் ஏறியதைப் பார்த்தவன் நீ. பனை உயரம். ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டு. கீழே முந்தானையை ஏந்தியபடி, மேலிருந்து விழப்போகும் எலுமிச்சம்பழத்துக்காகக் காத்திருக்கும் பெண்கள். மேலே போகப் போகக் காற்றில் மரம் ஆடும். கால் நடுங்கும். பாட்டு மட்டும் நடுங்கக் கூடாது.

அவருக்குப் பயமே இல்லை என்றா நினைத்தாய்? கேட்டுப் பார். பயத்தோடுதான் ஏறினேன் என்பார். அடுத்த படியில் கால் வைத்தார். அவ்வளவுதான் விஷயம்.

முதல் முறை தோற்கலாம். இரண்டாம் முறை இரண்டு மதிப்பெண்ணில் போகலாம். ஊர் சிரிக்கும். "கூத்தாடிப் பையனுக்கு ஆபீசர் ஆசை" என்று டீக்கடையில் பேசுவார்கள். பேசட்டும்! முதல் முறை வேஷம் கட்டி மேடையேறிப் பாட்டை மறந்து நின்றாயே, அப்போதும் சிரித்தார்கள். அடுத்த ஊரில் அதே வேஷம் கட்டவில்லையா நீ? அந்த ஊரில் கைதட்டு விழவில்லையா?

தோற்றால் எங்கே தோற்றாய் என்று பார். கணக்கிலா? அந்த 25 கேள்வியைப் பிடித்து உலுக்கு. நடப்பு நிகழ்விலா? நூலகத்தில் நாளிதழ் காத்திருக்கிறது. விதியிலா என்று மட்டும் தேடாதே. விதி விடைத்தாள் திருத்துவதில்லை.

இன்னொன்று. இதுதான் முக்கியம். கவனமாகக் கேள்.

வேலை கிடைத்துவிட்டால் கலையைத் தலைமுழுகிவிட நினைக்கிறாயே, அது வேண்டாம்! "இந்தப் பொழப்பு என்னோட போகட்டும்" என்று உன் அப்பா சொல்வது களைப்பில். அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளாதே. முன்னேற வேண்டுமானால் உன்னைப் பெற்ற கலையை விலையாகக் கொடு என்று எவன் சொன்னாலும் அவனை நம்பாதே. வறுமைதான் ஒழிய வேண்டும். பறை ஏன் ஒழிய வேண்டும்? பட்டினிதான் போக வேண்டும். பாட்டு ஏன் போக வேண்டும்?

மதுரை மண்ணின் பறை ஆசான் வேலு ஆசானுக்கும், திருவண்ணாமலை மாவட்டத்துப் புரிசையின் கூத்துக் கலைஞர் கண்ணப்ப சம்பந்தனுக்கும் 2025-இல் ஒரே பட்டியலில் பத்மஸ்ரீ. எந்தத் தோலைத் தீண்டக் கூசினார்களோ அந்தத் தோலின் ஓசையைக் குடியரசுத் தலைவர் மாளிகையே அழைத்துப் பெருமை செய்தது. நீ வெட்கப்படுகிறாயா? எதற்கு?

மாதச் சம்பளம் வரட்டும். வயிற்றுக்கு ஆடும் நிலை மாறட்டும். பாதியில் ஆபாசப் பாட்டு கேட்கிறவனை "முடியாது" என்று மறுக்கும் தைரியம் அப்போது வரும். முன்பணம் கொடுத்துவிட்டு மீதியை இழுத்தடிக்கிறவன் வாசலில் நீ நிற்க வேண்டாம். அரசு ஊழியர் நடத்தை விதிகளிலேயே எப்போதாவது செய்யும் கலைப் பணிக்கு இடம் இருக்கிறது. சேர்ந்ததும் மேலதிகாரியிடம் கேட்டுத் தெரிந்துகொள். விடுமுறை நாளில் வேஷம் கட்டு. தெருப் பிள்ளைகளுக்கு அடவு சொல்லிக்கொடு.

அப்புறம் அந்த அரசு அலுவலக மேசை. அதைப் பற்றிப் பேசாமல் எப்படி முடிப்பேன்?

நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007-இல் வந்தது. உன் ஊரில் எத்தனை பேரிடம் அதன் அட்டை இருக்கிறது? உன் அம்மா ஒரு வருமானச் சான்றுக்கு எத்தனை முறை நடந்தார்? "நாளைக்கு வா." "ஜெராக்ஸ் எங்கே?" "இது இல்ல, வேற படிவம்." வாசல்படியில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றாரே, நீதானே பக்கத்தில் நின்றாய்? அந்தக் கைகளை நீ பார்த்தாயே! மேடையில் கரகம் தலையில் நிற்க, காற்றில் முத்திரை பிடித்த கைகள் அவை.

மேசைக்கு இந்தப் பக்கம் நின்று எத்தனை காலம் கெஞ்சுவீர்கள்? அந்தப் பக்கம் போய் உட்கார்!

கிராம நிர்வாக அலுவலராக உட்கார். இளநிலை உதவியாளராக உட்கார். அடுத்த தேர்வு எழுதி மேலே போ. ஒரு கூத்துக் கலைஞர் தயங்கித் தயங்கி உள்ளே வரும்போது "வாங்க ஐயா, உட்காருங்க" என்று நாற்காலியைக் காட்டு. படிவத்தில் விட்டுப்போனதை நீயே நிரப்பிக் கொடு. ஏற்றத்தாழ்வைப் பற்றி மேடைபோட்டு மணிக்கணக்காகப் பேசுகிறவர்களால் ஆகாத காரியம், அந்த ஒரு மேசையில் ஒரு நல்ல கையெழுத்தால் ஆகும். வாங்குகிற சம்பளத்துக்கு மேலே ஒரு பைசா தொடாத கையெழுத்தாக அது இருக்கட்டும்! எந்த மேசையில் உன் அம்மா அலைக்கழிந்தாரோ, அதே மேசையில் நீ உட்கார்ந்து இன்னொரு அம்மாவை அலைக்கழித்தால், நீ படித்தது எதற்கு?

சீசன் முடியட்டும், தை பிறக்கட்டும், தங்கை கல்யாணம் முடியட்டும் என்று இழுக்காதே. சீசன் முடிந்தால் கடன் வரும். கடன் முடிந்தால் அடுத்த சீசன் வரும். படிக்க நல்ல நேரம் என்று பஞ்சாங்கத்தில் எதுவும் எழுதியிருக்காது.

தேர்வாணையத்தில் ஒருமுறைப் பதிவுக்கு 150 ரூபாய். ஐந்து வருஷம் செல்லும். ஒரு ராத்திரிக் கூத்துச் சம்பளத்தில் சின்னப் பங்குதான். முகத்தைக் கழுவு. ஆதார், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்று, புகைப்படம் மூன்றையும் எடுத்துக்கொள். இ-சேவை மையம் திறந்திருக்கும்.

கிளம்பு!