மணலில் நடக்கிற கால்

ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் இளைப்பாறும்போது அவரோடு சேர்ந்து என்னென்ன இளைப்பாறுகின்றன? மேசன் போனாலும் அவர் கட்டிய வீடு நிற்கும். கத்தி பிடித்த கையின் பழக்கம் அந்தக் கையோடு முடிந்துவிடும். யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் பிறந்து, கொழும்பிலோ லண்டனிலோ பெரிய வைத்தியராக இருந்து, அறுபதுக்குப் பிறகு ஊருக்கு வந்து போகிறவர்களுக்கு நாங்கள் மேளம் அடித்து, மாலை போட்டு, மலர் வெளியிடுகிறோம். மலரில் அவர் வாங்கிய பட்டங்கள் ஒரு பக்கம் நிறைய இருக்கும். அவர் இல்லாதபோது மற்றவர்களால் என்ன செய்ய முடிகிறது என்று எழுதும் வழக்கம் மட்டும் எங்களிடம் இல்லை.

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் நான் நினைப்பது பிரமோத் கரண் சேத்தியை. 1927-இல் வாரணாசியில் பிறந்து, எடின்பரோவில் எஃப்.ஆர்.சி.எஸ். முடித்து, ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையில் வேலை பார்த்தவர். அவர் என்பியல் பக்கம் வந்ததே ஆசையால் அல்ல. மெடிக்கல் கவுன்சில் ஆய்வுக்கு அப்படி ஒரு பிரிவு வேண்டியிருந்தது. பொதுச் சத்திரசிகிச்சை செய்துகொண்டிருந்தவரின் தலையில் அதைக் கட்டினார்கள். பெரிய காரியங்கள் பலவற்றின் தொடக்கத்தில் இப்படி ஒரு கந்தோர்க் கடதாசி இருக்கத்தான் செய்கிறது.

அந்தக் காலத்தில் கால் இழந்தவர்களுக்குக் கிடைத்தது மேல்நாட்டு மாதிரிப் பொய்க்கால். சப்பாத்துக்குள் நுழைப்பதற்கென்றே செய்த பாதம் அதில் இருந்தது. சப்பாத்தே இல்லாத ராஜஸ்தான் விவசாயி அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? ஈர வயலில் இறங்க முடியாது. குந்த முடியாது, சப்பாணி கட்டி இருக்க முடியாது. சப்பாத்தோடு கோவிலுக்குள்ளும் போக முடியாது, அடுப்படிக்குள்ளும் போக முடியாது. கால் வாங்கிக்கொண்டு போனவர்கள் அதை வீட்டு மூலையில் சாத்திவிட்டு, பழைய ஊன்றுகோலோடு கிளினிக்குக்குத் திரும்பி வந்தார்கள். நோயாளி பழகவில்லை, சொன்னதைக் கேட்கவில்லை என்று எழுதிவைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவது வைத்தியருக்கு மிகவும் சுகம். சேத்தி பிழை காலில் இருப்பதாக எடுத்துக்கொண்டார். அவருடைய முழு வாழ்க்கையிலும் எனக்குப் பெரிதாகத் தெரிவது இந்த ஒரு இடம்தான். பட்டம் படித்தவர் ஒருவர், குந்தத் தெரிந்த ஏழையின் தீர்ப்பைத் தன் தீர்ப்புக்கு மேலாக வைத்தார்.

அதே மருத்துவமனையில் நோயாளிகளுக்குக் கைத்தொழில் பழக்கிக்கொண்டிருந்தவர் ராம் சந்திர சர்மா. பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை, எல்லோரும் அவரை ‘மாஸ்டர்ஜி’ என்றார்கள். 1968 அளவில் இருவரும் சேர்ந்து ரப்பரில் ஒரு பாதம் செய்தார்கள். உள்ளே கணுக்காலுக்கு மரக்கட்டை, குதிக்குப் பஞ்சு ரப்பர், எல்லாவற்றையும் சுற்றி ரயர் ரப்பர். அச்சில் வைத்துச் சூடாக்கினால் ஒன்றாக இறுகிவிடும். சைக்கிள் ரயருக்கு ஒட்டுப்போடுகிறவர்களுக்குத் தெரிந்த வேலைதான். விரல்களும் தோல் நிறமும் இருந்தபடியால் வெறுங்காலாகவே நடக்கலாம். தண்ணீரில் இறங்கலாம், மரம்கூட ஏறலாம்.

யாருடைய கண்டுபிடிப்பு இது என்று பிறகு ஆளுக்கு ஆள் ஒரு கதை சொன்னார்கள். மக்சேசே விருதும் பத்மஸ்ரீயும் 1981-இல் சேத்திக்கு வந்தன, மாஸ்டர்ஜிக்கு வரவில்லை. அது எனக்கு உறுத்தல்தான். ஆனால் 1978-இல் அந்தப் பாதத்தைப் பற்றிச் சர்வதேச ஆய்விதழில் வந்த கட்டுரையின் ஆசிரியர்கள் வரிசையில், டாக்டர்களோடு ராம் சந்திராவின் பெயரும் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் பட்டறை ஆளின் பெயரை எந்தக் கட்டுரையில் போட்டோம்?

எங்கள் தீவுப்பகுதியில் உள்ள சாட்டி மணலில் நின்று பார்த்தால் அந்தக் காலின் அருமை இன்னும் தெளிவாகத் தெரியும். சனி ஞாயிறில் குளிக்க வருகிறவர்களுக்கு இது வெள்ளை மணல் கடற்கரை. இங்கே தொழில் செய்கிறவருக்கு வள்ளத்தைத் தள்ள வேண்டிய இடம், இடுப்பளவு தண்ணீரில் இறங்க வேண்டிய இடம். சிந்தாத்திரை மாதா கோவிலில் முழங்காலில் இருக்க வேண்டும். நயினாதீவு அம்மன் திருவிழாவில் வெறுங்காலோடு நடந்து, அன்னதானப் பந்தியில் நிலத்தில் இருந்து சாப்பிட வேண்டும். சப்பாத்துக் கால் இதில் ஒன்றுக்கும் உதவாது. யுத்த காலத்தில் தீவுகளை விட்டுச் சனம் இடம்பெயர்ந்தது. மிதிவெடி, ஷெல் என்று கால்கள் போன காலம் அது. 1987-இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ஜெய்ப்பூர் நிலையம் அந்த நாட்களில் ஊரிலேயே அந்தக் காலைச் செய்து கொடுத்தது. ஜெய்ப்பூர் டாக்டரின் கைபட்ட நோயாளி எங்களிடம் ஒருவரும் இருக்க வேண்டிய அவசியமில்லை. அவருடைய வேலை அவரில்லாமலே கடல் தாண்டி வந்துவிட்டது.

அது வர முடிந்ததற்குக் காரணம், அந்தப் பாதத்துக்கு அவர் காப்புரிமை எடுக்காததுதான். யாரும் செய்யலாம் என்றால் யாரும் மோசமாகவும் செய்யலாம். தரம் கெடுகிறது என்ற கவலை பின்னாளில் அவருக்கும் இருந்தது. திறந்துவிட்ட வாசலால் ஆடும் வரும், மாடும் வரும். ஆனாலும் பூட்டி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்களுடைய முறிவு வைத்தியமே சாட்சி. பனையால் விழுந்தவருக்கும், மாடு இடித்தவருக்கும் பத்துப் போட்டு, மட்டை வைத்துக் கட்டி எழுப்பிவிட்ட பரியாரிமார் தீவுகளில் இருந்தார்கள். எல்லா முறிவும் அவர்கள் கையில் சரிவந்தது என்று சொல்லமாட்டேன். கோணலாகப் பொருந்திய கைகளும் உண்டு. கைராசிக்காரர்களும் உண்டு. முறிவெண்ணெய்க்குப் பரியாரி என்ன சேர்க்கிறார் என்பது மட்டும் மகனுக்குத்தான் தெரியும். மகன் கனடாவுக்குப் போனால் எண்ணெயும் போய்விட்டது.

இதற்கு மறுபக்கமும் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது. 1847-இல் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழில் படிப்பித்தார், உடற்கூற்று நூல்களைத் தமிழாக்கினார். 1873-இல் அவர் அமெரிக்காவுக்குத் திரும்பியபோது அவரிடம் படித்த அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்கள் இங்கே இருந்தார்கள். அவர் போனதோடு வைத்தியம் போகவில்லை.

இன்றைக்குத் தீவுகளில் கால் போவது வெடியால் அல்ல, சீனி வியாதியால். இதில் எங்களுக்கு அதிகம் சொல்லித் தந்திருக்கக்கூடியவர் கொல்லிமலையில் 1914-இல் பிறந்த போல் பிராண்ட். 1946-இல் வேலூருக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்கு முன்கையின் நல்ல தசைநாரை மாற்றித் தைத்து நிமிர வைத்தார். சிகிச்சை பிரமாதம். ஆனால் நிமிர்ந்த கையோடு ஊருக்குப் போனவர்களுக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. ஆகவே 1951-இல் நவஜீவ நிலையம் என்று குடிசைகள் போட்டுத் தச்சுவேலை பழக்கத் தொடங்கினார். கால்களைக் கவனித்தபோது இன்னொன்று விளங்கியது. சதை அழுகுவது நோயால் மட்டுமல்ல. வலி தெரியாத கால், முள்ளையும் சூட்டையும் அறியாமல் தன்னைத் தானே தேய்த்துக்கொள்கிறது. அதற்கு மருந்து மென்மையான ரப்பர் செருப்பும், இரவில் பாதத்தைத் திருப்பிப் பார்க்கும் பழக்கமும். 1966-இல் அமெரிக்காவுக்குப் போன பிறகு அதே பாடத்தைச் சீனி வியாதிக்காரருக்கும் பொருத்திக் காட்டினார். தென்னிந்தியாவே போற்றிய கை அது. கடைசியில் செருப்பைப் பற்றிப் பேசியது.

மத்தியான வெயிலில் கொதிக்கிற மணல், சிப்பி ஓடு, பனைமட்டைக் கருக்கு: மரத்த காலுக்கு எங்கள் நிலத்தில் எதிரிகள் அதிகம். செருப்புப் போடுவதை ஒரு பவிசு என்று நினைக்கிற வயதானவர்களும் அதிகம். நெடுந்தீவில் ஒரு புண் பழுத்துவிட்டால் குறிகட்டுவானுக்கு ஒரு மணித்தியாலக் கடல். பிறகு புங்குடுதீவு, வேலணை, பண்ணைப் பாலம் தாண்டிப் பெரியாஸ்பத்திரி. அங்கே போய்ச் சேரும்போது விரலோடு முடிய வேண்டியது முழங்காலுக்கு வந்திருக்கும். இதைத் தடுக்க நிபுணர் தேவையில்லை. பாதத்தைப் பார்க்கப் பழகிய ஒரு குடும்பநல உத்தியோகத்தர் போதும், பொறுமையான மருமகள் இருந்தாலும் போதும்.

வெளிநாட்டில் இளைப்பாறிய எங்கள் வைத்தியர்களிடம் நல்ல மனம் இல்லையென்று சொல்ல முடியாது. அவர்கள் அனுப்பும் இயந்திரங்களில் சில, இயக்க ஆளில்லாமல் துணி போர்த்திக் கிடப்பதையும் காண்கிறோம். பொய்க்கால் ஒருமுறை கொடுத்து முடிகிற பொருளும் அல்ல. சில வருடங்களில் தேயும். வளர்கிற பிள்ளைக்கு இன்னும் விரைவில் மாற்ற வேண்டும். 1991-இல் இருபது வயதில் கால் இழந்தவர் இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டார். அவருக்கு இன்னும் எத்தனையோ கால்கள் வேண்டும். சத்திரசிகிச்சை செய்தவர் இளைப்பாறியிருப்பார், இவருக்கு அதிலிருந்து இளைப்பாற வழியில்லை.

ராகமையில் செயற்கை அவயவம் செய்யப் படிப்பிக்கும் பாடசாலை இருக்கிறது, மூன்று வருடப் படிப்பு. ஊருக்கு என்ன செய்யலாம் என்று இளைப்பாறிய வைத்தியர் யாராவது கேட்டால், தீவுப் பிள்ளை ஒன்று அங்கே தங்கிப் படிக்கிற செலவை ஏற்கச் சொல்வேன். அவருடைய பெயரை எந்தக் கல்லில் பொறிப்பது என்பதில் திறப்புவிழாக் குழுவுக்குக் கொஞ்சம் சிக்கல் வரும்.