பாட்டுக்கும் பாடியவருக்கும் நடுவில்

தீர்த்தமலைப் பிள்ளைகளுக்கு ஜப்பான் இப்போது தூரத்து நாடு இல்லை. சோனி யே சேனலில் நாருட்டோ தமிழ் பேசினான். 2025 செப்டம்பரில் ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி கேசில்’ தமிழ்க் குரலோடு தியேட்டருக்கே வந்தது. அரூர் பள்ளிக்குப் போகும் பஸ்ஸில், ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் செருகிக்கொண்டு இரண்டு பேர் ஒரு திரையைப் பார்த்தபடி போவார்கள். அந்த ஊரில் வளரும் என் அக்கா மகளுக்குப் பதினாறு வயது. பரீட்சை முடிந்ததும் போன் செய்து, “மாமா, லீவுல பாக்கறதுக்கு நல்ல அனிமேவா நாலு சொல்லுங்க” என்று கேட்டாள்.

முதலில் மனதில் வந்த பெயர் ‘ருரோனி கென்ஷின்’. நோபுஹிரோ வாட்சுகி எழுதி வரைந்து, 1994 முதல் 1999 வரை ‘ஷோனென் ஜம்ப்’ வார இதழில் வந்த தொடர். 1996இல் தொலைக்காட்சிக்குப் போனது. ஆட்சி மாற்றத்துக்காக நடந்த சண்டைகளில் எத்தனையோ பேரை வெட்டிய ஒருவன், இனி ஓர் உயிரையும் எடுப்பதில்லை என்று சபதம் எடுத்து அலைகிறான். அவன் வாளின் கூரான விளிம்பு எதிராளியைப் பார்க்காது, அவனையே பார்க்கும். கதையின் ஆழம் டோமோயே என்ற பெண்ணிடம் இருக்கிறது. அவளுக்கு நிச்சயமானவனைக் கொன்றவன் கென்ஷின்தான். பழிவாங்க வந்தவள் அவன்மேல் அன்பு கொள்கிறாள். கடைசியில் அவனைக் காக்கக் குறுக்கே பாய்ந்து அவன் வாளாலேயே சாகிறாள். பல வருடம் கழித்து அவள் தம்பி கணக்குக் கேட்டு வருகிறான். கொன்றவன் திருந்திவிட்டான் என்பது அந்தத் தம்பிக்கு எப்படி ஆறுதலாகும் என்று கதை விடாமல் கேட்கிறது. சிறுவர் பத்திரிகையில் வந்த கதைக்கு இது சாதாரணத் துணிச்சல் இல்லை.

2017 நவம்பரில், சிறுமிகளைப் பாலியல் வதைக்கு உள்ளாக்கிய காட்சிகள் கொண்ட டிவிடிகள் வாட்சுகியிடம் இருந்ததற்காக டோக்கியோ காவல்துறை அவர்மேல் வழக்குப் போட்டது. அப்படிப்பட்டவற்றை வெறுமனே வைத்திருப்பதையே ஜப்பான் குற்றமாக்கியது 2014இல்தான். வழக்கு 2 லட்சம் யென் அபராதத்தோடு முடிந்தது. அப்போதைய கணக்கில் நம் பணத்தில் ஒன்றேகால் லட்சம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. நிறுத்தி வைத்திருந்த அவருடைய புதிய கென்ஷின் தொடர் 2018 ஜூனில் மறுபடி தொடங்கியது. 2023இல் கென்ஷினைப் புது அனிமேவாகவே எடுத்தார்கள்.

பாவத்துக்குப் பரிகாரம் என்ன என்று கேட்கும் கதையை எழுதிய கை அது. இதைத் தெரிந்துகொண்டு பதினாறு வயதுப் பெண்ணிடம் “இதைப் பார்” என்று நான் எப்படிச் சொல்வது?

படைப்பைப் பார், படைத்தவனைப் பார்க்காதே என்று சொல்வார்கள். அந்தப் பேச்சுக்குத் தீர்த்தமலையை விடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. மலைமேல் தீர்த்தகிரீசுவரர் கோயில். பாறையிலிருந்து விழும் ராமர் தீர்த்தத்தில் தலை நனைத்தால் செய்த பாவம் போகும் என்பது நம்பிக்கை. ராவணனைக் கொன்று திரும்பிய ராமன், பூஜைக்கு நீரில்லாமல் அம்பெய்து அதை வரவழைத்தான் என்கிறது தலபுராணம். அந்த மலை முருகனைத் திருப்புகழில் பாடியவர் அருணகிரிநாதர். பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அவரைப் பற்றி மரபு சொல்லும் கதை எல்லோருக்கும் தெரியும். இளமையில் பரத்தையர் வீடே கதியென்று கிடந்தார், செல்வத்தை அழித்தார், நோய் கண்டார், திருவண்ணாமலைக் கோபுரத்திலிருந்து குதித்தார், முருகன் தாங்கிக்கொண்டான். இந்தக் கதைக்குச் சரித்திரச் சான்று தேடுவது வீண். ஆனால் கோயில் கதாகாலட்சேபத்தில் இதை யாரும் மறைத்ததில்லை. பாட்டையும் பாடியவரின் பழைய வாழ்க்கையையும் ஒரே மூச்சில் சொன்னார்கள். தன் இழிவைத் தானே சொல்லி அழும் குரல் திருப்புகழுக்குள்ளேயே நூறு இடத்தில் கேட்கும். வடக்குப்பட்டு சுப்பிரமணிய பிள்ளை ஊர் ஊராகத் தேடித் தொகுத்து, 1894இல் அச்சேற்றத் தொடங்கியிராவிட்டால் அவற்றில் எத்தனை நமக்குக் கிடைத்திருக்கும் என்று தெரியாது. அப்படித் தேடியவர் பாடியவரின் கதையைக் கேட்டு முகம் சுளித்து ஒதுங்கவில்லை. அதற்கு நான் என்றும் நன்றியுள்ளவன்.

ஆனாலும் அந்தக் கதையில் ஒரு இடத்தைத் தாண்ட என்னால் முடிவதில்லை. கையில் காசு தீர்ந்து, பரத்தை வீட்டுக்குப் போக வழியில்லாமல் தம்பி வந்து நின்றபோது, பெண்தானே வேண்டும், நானும் பெண்தான் என்று அக்கா சொன்னதாகக் கதை சொல்கிறது. தன் கடைசி நகையும் போனபின் ஒரு அக்கா எந்த நிலைக்கு வந்து அதைச் சொல்லியிருப்பாள்! அந்த ஒரு சொல்லில் தம்பி திருந்துகிறான், கோபுரம் ஏறுகிறான், முருகன் வருகிறான், பாட்டு பிறக்கிறது. அக்காவை அதோடு கதை விட்டுவிடுகிறது. பரத்தையர் நிலை இன்னும் மோசம். அவர்கள் ஆணை விழுங்கும் வலையாக மட்டும் பாட்டில் வருகிறார்கள். அவர்கள் பக்கத்து நியாயத்தை யாரும் கேட்டதில்லை. முருகன் பாடியவரை மன்னித்தான், நாமும் மன்னித்தோம். யாருக்கு எதிராகத் தவறு நடந்ததோ அவர்களை நம்மில் எவரும் கேட்கவில்லை.

படைப்பு, படைத்தவர் என்று இரண்டாகப் பிரித்து வாதாடும்போதெல்லாம் இதுவே நடக்கிறது. அந்த வாதத்தில் மூன்றாவதாக ஒருவருக்கு இடமே கிடையாது. நானும் நீங்களும் படைப்பின் இன்பத்துக்காக வாதாடுகிறோம். படைத்தவருக்காக அவருடைய ரசிகர்கள் பேசுகிறார்கள். காயம்பட்டவருக்காகப் பேச அங்கே யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. வாட்சுகி கட்டிய அபராதம் அரசாங்கக் கஜானாவுக்குப் போனது. அந்த டிவிடிகளில் இருந்த சிறுமிகள் யார், எங்கே இருக்கிறார்கள் என்ற கேள்வி எந்த விமர்சனத்திலும் வருவதில்லை.

நம் பக்கத்தில் இதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. 1944 தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’, சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. படம் வந்த அடுத்த மாதம் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அந்தக் கொலை வழக்கில் டிசம்பரில் படத்தின் நாயகன் தியாகராஜ பாகவதரும் நடிகர் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள், ஆயுள் தண்டனை கிடைத்தது. கதாநாயகன் ஜெயிலில் இருக்க, திரையில் அவர் திருந்திப் பாடுவதைக் கேட்க ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பிய வழக்கில் 1947இல் இருவரும் விடுதலையானார்கள். குற்றம் நிரூபணமாகும் முன்பே ஒருவரின் வாழ்நாள் உழைப்பைக் கொளுத்தக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை வேண்டாம். விடுதலைக்குப் பிறகு பாகவதர் நடித்த ‘ராஜமுக்தி’ 1948இல் வந்து ஓடாமல் போனது. சட்டம் திருப்பிக் கொடுத்ததை ஜனங்கள் திருப்பிக் கொடுக்கவில்லை. லட்சுமிகாந்தனையோ, அவதூறு எழுதியவன், மஞ்சள் பத்திரிகைக்காரன் என்ற அடைமொழியோடு மறந்துவிட்டோம். அவர் எழுதியது எவ்வளவு கேவலமாக இருந்தாலும், குத்துப்பட்டு இறந்த மனிதர் அவர்தான். எண்பது வருடமாக அந்த வழக்கைப் பற்றிப் பேசுகிற நாம் பாகவதரின் பாட்டுக்காகத்தான் வருந்துகிறோம்.

2018 அக்டோபரில் பாடகி சின்மயி, கவிஞர் வைரமுத்து மீது பாலியல் அத்துமீறல் குற்றச்சாட்டைப் பொதுவில் வைத்தார். வைரமுத்து மறுத்தார். அதில் தீர்ப்பு எழுதும் இடத்தில் நான் இல்லை. அதற்குப் பிறகு எழுந்த பேச்சு எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். இனி அந்தப் பாட்டுகளைக் கேட்கலாமா, தமிழுக்கு எவ்வளவு இழப்பு என்றுதான் பெரும்பாலும் பேசினார்கள். அதே ஆண்டு நவம்பரில், சந்தா பாக்கி என்று காரணம் சொல்லி டப்பிங் சங்கம் சின்மயியை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கியது. ‘96’ படத்தில் த்ரிஷாவின் குரலாக இருந்தவர், திரும்பவும் தமிழில் அவருக்குக் குரல் கொடுத்தது 2023இல் ‘லியோ’வுக்குத்தான். குற்றம் சாட்டுகிறவரும் கலைஞராக இருக்கலாம், அவர் கலைக்கும் இழப்பு உண்டு என்பது அந்தக் கணக்கில் ஏறவே இல்லை.

இந்த மூன்றாவது ஆளை முதலில் நினைத்த ஒருவர் ஜப்பானிலேயே இருக்கிறார். ‘ஆக்ட்-ஏஜ்’ என்ற மங்கா 2018 முதல் ஷோனென் ஜம்ப்பில் வந்துகொண்டிருந்தது. எழுதியவர் டட்சுயா மட்சுகி, வரைந்தவர் ஷிரோ உசசாகி. 2020 ஆகஸ்டில் தெருவில் சிறுமியிடம் அத்துமீறியதற்காக மட்சுகி கைது செய்யப்பட்டார். சில நாட்களிலேயே பதிப்பகம் தொடரை நிறுத்தியது, வரவிருந்த தொகுதிகளையும் கைவிட்டது. இரண்டரை வருட உழைப்பு ஒரு வாரத்தில் உசசாகிக்கு இல்லாமல் போனது. அவர் அப்போது வெளியிட்ட அறிக்கையில் தன் இழப்பைப் பெரிதாகப் பேசவில்லை. தொடர் நின்றதற்கு ரசிகர்கள் வருந்தும் குரல், பாதிக்கப்பட்டவர்கள்மேல் பாரமாக ஏறிவிடக் கூடாது என்பதே அவர் கவலையாக இருந்தது. குற்றமற்றவராக இருந்தும் எல்லாவற்றையும் இழந்தவர் அவர். அவரால் அப்படி நினைக்க முடிந்தது. 2024இல் வேறொரு எழுத்தாளரோடு ‘மாதான் நோ இச்சி’யை வரையத் தொடங்கினார்.

கென்ஷினைத் திரும்பத் தொடங்கியதும் ஆக்ட்-ஏஜை நிறுத்தியதும் ஷுயேய்ஷா என்ற ஒரே பதிப்பகம். குற்றங்கள் வேறு, சட்டப் பிரிவுகள் வேறு என்று அவர்கள் சொல்லக்கூடும். கென்ஷின் கோடிக்கணக்கான பிரதி விற்ற பெயர் என்பதும் இருக்கிறது. பதிப்பகத்திடமிருந்து நமக்கு அறநெறி கிடைக்கும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. அனிமே தனிமனிதனின் பொருள் இல்லை. 2019 ஜூலை 18 அன்று கியோட்டோ அனிமேஷன் ஸ்டுடியோவுக்கு ஒருவன் தீ வைத்தபோது 36 பேர் இறந்தார்கள்; வரைபவர்களும் வண்ணம் தீட்டுபவர்களுமாக, பெரும்பாலும் இளைஞர்கள். ஒரு தொடருக்குப் பின்னால் எத்தனை கைகள் இருக்கின்றன என்று உலகம் அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தது. ஒருவர் செய்ததற்கு அத்தனை கைகளையும் ஒதுக்குவது நியாயமா? இல்லை என்றே நினைக்கிறேன். அதனால்தான் யாரும் எதையும் பார்க்கக் கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் நானாகப் பார்ப்பது என்னோடு முடிகிறது. ஒரு சிறுமிக்குப் பரிந்துரைக்கும்போது என் பேச்சில் அவள் வைத்திருக்கும் நம்பிக்கையைப் படைத்தவர் பெயரிலும் சேர்த்து வைக்கிறேன். வாட்சுகி செய்த குற்றத்துக்கு ஆளானவர்கள் அவளைவிடச் சிறியவர்கள். அவர்களை நினைவில் வைத்துக்கொண்டு அவளிடம் பேச வேண்டும். வாட்சுகியின் பெயரைச் சொல்லாமல் கதையை மட்டும் சொல்லித் தருவதும், கதையே இல்லை என்று மறைப்பதும் அவளை ஏமாற்றுகிற காரியங்கள்.

நாலு கேட்டாள், மூன்று அனுப்பினேன். ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்: பிரதர்ஹுட்’, 64 பகுதிகள். அதை எழுதிய ஹிரோமு அரகாவா ஹொக்கைடோவில் பால்பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர். இன அழிப்புக்கு உடந்தையான சிப்பாய்கள் பிழைத்தவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டி வரும் இடங்களை அந்தக் கதையில் மறக்க முடியாது. ‘முஷிஷி’, காடும் மலையும் தெரிந்த பிள்ளைக்குப் பிடிக்கும். மூன்றாவது தொடர் இல்லை, படம்: 2016இல் நவோகோ யமடா இயக்கி, அதே கியோட்டோ அனிமேஷன் எடுத்த ‘எ சைலண்ட் வாய்ஸ்’. காது கேளாத ஷோகோவின் செவிக்கருவிகளைப் பிய்த்தெறிந்து வதைத்த பையன், வளர்ந்தபின் சைகை மொழி கற்றுக்கொண்டு அவள் முன் போய் நிற்கிறான். வேறு யாரிடமும் போய் மன்னிப்பு வாங்கிக்கொள்ள அந்தப் படம் அவனை விடவில்லை. ஷோகோவின் வலியையும், அவள் தன்னையே வெறுத்ததையும் நாம் பார்த்தே ஆக வேண்டும்.

கென்ஷினைப் பற்றியும் சொன்னேன், பதினாறு வயதுக்குச் சொல்லக்கூடிய அளவில். யார் எழுதியது, அவர் என்ன செய்தார், அதன் பின்னால் யார் பெற்ற பிள்ளைகளோ இருக்கிறார்கள் என்பதையும் சொன்னேன். “அப்ப நான் பாக்கக் கூடாதா மாமா?” என்றாள். பார்க்காதே என்று சொல்லவில்லை. பதினெட்டு ஆனபின் நீயே முடிவு செய், அன்றைக்கும் பார்க்கத் தோன்றினால் டோமோயேயின் கதையை மட்டும் சொல்லும் 1999ஆம் ஆண்டு நாலு பகுதிகளிலிருந்து ஆரம்பி என்றேன்.